ஆர்என்ஏவைப் பிடிக்கிற புரதம் மரபணுவை எப்படி அடக்குகிறது?

கேள்வி இது: "எஃப்சிஏ, எஃப்பிஏ என்ற தாவரப் புரதங்கள் ஆர்என்ஏவோடு ஒட்டுபவை என்கிறார்கள். டிஎன்ஏவையே தொடாத புரதம் ஒரு மரபணுவின் குரோமாட்டினை மாற்றி அதை எப்படி அடக்க முடியும்? குளிர்காலத்தில் நடக்கும் அடக்கமும் இதுவும் ஒன்றுதானா? அந்த நினைவு விதைக்கும் போகுமா?"

மூன்றும் நல்ல கேள்விகள். முதல் கேள்விதான் கடினம், அதில்தான் அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பாடப்புத்தகத்தில் படியெடுத்தல் (டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதுவது) ஓர் அத்தியாயம், ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுவது இன்னோர் அத்தியாயம், குரோமாட்டின், அதாவது டிஎன்ஏவும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்த கட்டு, எங்கேயோ கடைசியில். அதைப் படித்து வந்தவர்களுக்கு, ஆர்என்ஏ என்பது மரபணுவை விட்டு வெளியே போய்விட்ட ஒரு பொருள் என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுகிறது. உண்மையில் ஆர்என்ஏவை எழுதும் நொதியான பாலிமரேஸ் டிஎன்ஏ மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பின்னால் ஆர்என்ஏ நீண்டு தொங்கிக்கொண்டிருக்கும். அதை வெட்டுவது, அதற்கு வால் வைப்பது எல்லாம் பெரும்பாலும் அங்கேயே நடக்கும். தறியில் நெய்துகொண்டிருக்கும் துணியின் முனையைப் பிடித்திருப்பவர் தறிக்குப் பக்கத்தில்தானே நிற்க வேண்டும்? அதே மாதிரிதான். புதிதாக உருவாகும் ஆர்என்ஏவைப் பிடித்த புரதம் மரபணுவின் வாசலிலேயே நிற்கிறது. டிஎன்ஏவைத் தொடாமலேயே ஒரு குறிப்பிட்ட மரபணுவை அடையாளம் காண இதைவிட எளிய வழி இல்லை.

சரி, இப்போது கதைக்கு வருவோம். இந்தத் துறையில் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே ஒரு மரபணுவிலிருந்து வந்தது: அராபிடாப்சிஸ் செடியின் எஃப்எல்சி. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த, உள்ளங்கை அகலம் இலை விரிக்கும் ஒரு களைச்செடி அது. எஃப்எல்சி புரதம் பூப்பதைத் தடுக்கும். பூக்கச் சொல்லும் எஃப்டி, எஸ்ஓசி1 ஆகிய மரபணுக்களின் மேல் உட்கார்ந்து அவற்றை இயங்கவிடாது. எஃப்எல்சி அதிகமாக இருந்தால் செடி இலை மேல் இலையாக விட்டுக்கொண்டே போகும், குறைந்தால் சீக்கிரம் தண்டு நீட்டிப் பூக்கும். 1999இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு குழுவும் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஒரு குழுவும் தனித்தனியாக இந்த மரபணுவைக் கண்டெடுத்தன.

எஃப்எல்சியின் அளவை இரண்டு பக்கமிருந்து இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிஜிடா என்ற மரபணு அதை ஏற்றும். குளிர் நாடுகளில் காட்டில் வளரும் பல ரகங்களில் ஃப்ரிஜிடா நன்றாக வேலை செய்யும், அதனால் அவை குளிர்காலம் தாண்டாமல் பூக்காது. ஆய்வகங்களில் எல்லோரும் வளர்க்கும் கொலம்பியா, லான்ட்ஸ்பெர்க் ரகங்களில் அது பழுதாகிப்போன மரபணு. அதனால்தான் அவை சில வாரங்களிலேயே பூத்துவிடுகின்றன. ஆனால் ஃப்ரிஜிடா இல்லை என்பதால் மட்டும் எஃப்எல்சி அடங்கிவிடாது. மறுபக்கம் இன்னொரு கூட்டம் அதை விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 1991இல் நெதர்லாந்தில் மார்ட்டன் கோர்னீஃப் குழு தாமதமாகப் பூக்கும் திரிபுச் செடிகளைத் தேடித் தொகுத்தபோது இந்தக் கூட்டத்தில் பலர் சிக்கினார்கள்: எஃப்சிஏ, எஃப்பிஏ, எஃப்ஒய், எஃப்விஇ என்று அகரவரிசை விளையாட்டு மாதிரி பெயர்கள். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் வேலை செய்பவை என்பதால் இவற்றுக்குத் தன்னியக்கப் பாதை என்று பெயர் வைத்தார்கள். இவற்றில் எது கெட்டாலும் எஃப்எல்சி ஏறிவிடும், செடி தாமதமாகும். ஆனால் அதே செடியைச் சில வாரம் குளிரில் வைத்தால் தாமதம் போய்விடும். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்திருங்கள், இரண்டாவது கேள்விக்கு அது தேவைப்படும்.

எஃப்சிஏ மரபணுவை 1997இல் கரோலின் டீன் குழு இங்கிலாந்தின் நாரிச்சில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் பிரித்தெடுத்தது. அராபிடாப்சிஸின் முழு மரபுத்தொகுதி வெளிவந்ததே 2000இல்தான், அதனால் அந்தக் காலத்தில் ஒரு மரபணுவைத் தேடிப் பிடிப்பது பல வருட வேலை. கையில் வந்த புரதத்தைப் பார்த்தால் ஆர்என்ஏவைப் பிடிக்கும் இரண்டு பகுதிகளும், வேறு புரதத்தோடு கைகோக்கும் ஒரு பகுதியும் இருந்தன. பூப்பதற்கும் ஆர்என்ஏவுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. நடுவில் ஒரு தவறான திருப்பமும் வந்தது: 2006இல் எஃப்சிஏதான் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனை உணரும் புரதம் என்று நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது, பெரிய பரபரப்பு, வேறு ஆய்வகம் செய்து பார்த்தபோது அது ஒட்டவேயில்லை, 2008இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பழைய கட்டுரைகளில் இன்னும் அந்த மேற்கோள் தட்டுப்படும், பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

சரியான துப்பு 2003இல் கிடைத்தது. எஃப்சிஏ கைகோத்திருந்த ஆள் எஃப்ஒய். ஈஸ்டிலிருந்து மனிதன் வரை எல்லோரிடமும் இருக்கும் புரதம் அது. ஆர்என்ஏவின் முடிவை வெட்டி அதற்குப் பாலி-ஏ வால் வைக்கும் இயந்திரத்தின் ஒரு பாகம். எஃப்சிஏ தன்னுடைய சொந்த ஆர்என்ஏவையே இப்படிக் கத்தரித்துக்கொள்கிறது என்பதும் தெரியவந்தது: புரதம் அதிகமாகிவிட்டால், அதன் ஆர்என்ஏ மூன்றாவது இன்ட்ரானிலேயே (புரதத்துக்குக் குறிப்பு தராத இடைத்துண்டு) வெட்டுப்பட்டு உபயோகமில்லாத குட்டைப் பிரதியாகிவிடும். ஆக எஃப்சிஏவின் தொழில் புரிந்துவிட்டது. ஆர்என்ஏ எங்கே முடிய வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அது. ஆனால் எஃப்எல்சியின் ஆர்என்ஏவில் அந்த மாதிரி குட்டைப் பிரதி எதுவும் கண்ணில் படவில்லை. பிறகு எப்படி அடக்குகிறது?

இங்கே டீன் குழு செய்த மரபியல் வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃப்ரிஜிடா வேலை செய்யும் ஒரு செடியில் எஃப்சிஏவை அளவுக்கு மேல் ஏற்றினார்கள். ஃப்ரிஜிடா எவ்வளவு தூக்கினாலும் எஃப்சிஏ அமுக்கிவிடும், செடி சீக்கிரம் பூக்கும். இப்போது இந்தச் செடியின் விதைகளில் கண்டபடி திரிபுகளை உண்டாக்கி, மறுபடியும் தாமதமாகப் பூப்பவற்றைப் பொறுக்கினார்கள். எஃப்சிஏ நிறைய இருந்தும் அடக்க முடியவில்லை என்றால், அதற்குக் கீழே வேலை செய்யும் யாரோ கெட்டுப்போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ யார் என்று பார்த்தால், ஒரு கூட்டம் ஆர்என்ஏ முனையை வெட்டும் புரதங்கள். அது எதிர்பார்த்ததுதான். இன்னொன்று எஃப்எல்டி. அது டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்திலிருந்து மெத்தில் என்ற சின்ன வேதிக் குறியை எடுக்கும் நொதி, மனிதரில் எல்எஸ்டி1 என்று அழைக்கப்படுவதன் தாவர உறவு. 2007இல் வந்த முடிவு இது. ஆர்என்ஏ வெட்டுபவர்களும் குரோமாட்டினை மாற்றுபவரும் ஒரே வலையில் சிக்கினார்கள், ஒருவர் இல்லாமல் இன்னொருவர் பிரயோஜனமில்லை.

நடுவில் விட்டுப்போன கண்ணி 2009-10இல் கிடைத்தது. எஃப்எல்சி மரபணுவின் வால் முனையிலிருந்து, எதிர் இழையில், பின்னோக்கி ஓர் ஆர்என்ஏ படியெடுக்கப்படுகிறது. எந்தப் புரதத்துக்கும் அது குறிப்பு தருவதில்லை. கூல்ஏர் என்று பெயர். இது இரண்டு இடத்தில் முடியலாம்: தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே, அல்லது மரபணு முழுக்க எதிர்த்திசையில் ஓடி எஃப்எல்சியின் தொடக்க முனை வரை போய். எஃப்சிஏவும் எஃப்பிஏவும் பிடிப்பது எஃப்எல்சியின் சொந்த ஆர்என்ஏவை இல்லை, இந்த எதிர்த்திசை ஆர்என்ஏவை. அதைக் கிட்டத்திலேயே முடித்துவிடுகிறார்கள். எஃப்எல்சியின் ஆர்என்ஏவில் குட்டைப் பிரதி கிடைக்காததன் காரணம் இதுதான், தேடியது தவறான இழையில்.

கிட்டத்தில் முடிந்தால் என்ன ஆகும்? வெட்டும் இயந்திரத்தோடு எஃப்எல்டி கொண்ட கூட்டமும் அங்கே வந்து சேர்கிறது. இயங்கும் மரபணுவின் அடையாளமான ஒரு குறி, எச்3 என்ற ஹிஸ்டோனின் 4ஆவது இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் உள்ள மெத்தில். எஃப்எல்டி அதை மரபணுவின் உடல் முழுவதும் குறைக்கிறது. அந்தக் குறி போனால் படியெடுத்தல் தொடங்குவதும் குறையும், தொடங்கிய பாலிமரேஸ் ஓடும் வேகமும் குறையும். வேகம் குறைந்த பாலிமரேஸுக்கு என்ன நடக்கும் என்று யோசியுங்கள்: மெதுவாகப் போகிற பஸ்ஸில் இருந்து நடுவழியில் இறங்குவது சுலபம், அதே போல அருகில் இருக்கும் முடிவிடத்திலேயே ஆர்என்ஏ வெட்டுப்படும் வாய்ப்பு கூடுகிறது. அது மறுபடி எஃப்எல்டியை வரவழைக்கும். இது ஒரு சுழல். எது முதலில் வந்தது என்று கேட்டால் சுழலில் முதல் கடைசி இல்லை. எஃப்சிஏ செய்வதெல்லாம் இந்தச் சுழலை "குறைவு" பக்கமாகத் தள்ளிவிடுவது. ஃப்ரிஜிடா அதையே "அதிகம்" பக்கம் தள்ளுகிறது: எச்3இன் 36ஆவது லைசினில் மெத்தில் ஏறும், கூல்ஏர் தூரத்து முனை வரை ஓடும், பாலிமரேஸ் வேகமாகும்.

ஆகவே, "கூல்ஏர் ஆர்என்ஏ வழிகாட்டியாகப் போய் புரதத்தைக் கூட்டி வருகிறது" என்று சுருக்கிச் சொல்வதை நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அது ஒரு பகுதி உண்மையாக இருக்கலாம். ஆனால் வேலையின் பெரும்பகுதி அந்த மூலக்கூறில் இல்லை, அதை முடிக்கும் செயலில் இருக்கிறது.

இன்னும் இரண்டு விவரம். எஃப்சிஏ செல்லின் உட்கருவில் சீராகப் பரவி இருப்பதில்லை, சின்னச் சின்னத் துளிகளாகத் திரண்டிருக்கும், ரசத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளி மாதிரி சவ்வு இல்லாமலேயே. அதில் ஒழுங்கான வடிவம் இல்லாத நீண்ட பகுதிகள் இருப்பதுதான் இதற்குக் காரணம். எஃப்எல்எல்2 என்ற துணைப் புரதம் இல்லாவிட்டால் இந்தத் துளிகள் சரியாக உருவாகாது, எஃப்எல்சி அடங்குவதும் கெடும் என்று 2019இல் காட்டினார்கள். இதுவும் மேலே சொன்ன அதே தாமதப் பூ வேட்டையில் சிக்கியதுதான். ஆர்என்ஏவை வெட்டுபவர்களை ஒரே இடத்தில் குவித்து வைக்க இது உதவுகிறது. இன்னொன்று, புதிய ஆர்என்ஏ சில நேரம் விலகாமல் டிஎன்ஏவோடேயே ஒட்டிக்கொண்டு ஆர்-வளையம் என்ற முடிச்சை உண்டாக்கும். கூல்ஏர் தொடங்கும் இடத்தில் அப்படி ஒரு முடிச்சு உண்டு, அதை அவிழ்ப்பதிலும் எஃப்சிஏவுக்குப் பங்கு இருக்கிறது.

இப்போது இரண்டாவது கேள்வி: குளிர் செய்யும் அடக்கமும் இதுவும் ஒன்றா? இல்லை. எஃப்சிஏ கெட்ட செடியும் குளிரில் வைத்தால் பூக்கிறது என்றேனே, அதிலேயே பதில் இருக்கிறது. குளிர் வேறு கதவால் உள்ளே வருகிறது.

வாரக்கணக்கில் குளிர் நீடிக்கும்போது வின்3 என்ற புரதம் மெதுவாகச் சேர்கிறது. அது எப்படி நாள் எண்ணுகிறது என்பது தனி சுவாரசியம். வின்3ஐத் தூண்டும் என்டிஎல்8 என்ற புரதம் நீண்ட நாள் அழியாமல் இருப்பது. வெப்பத்தில் செடி வேகமாக வளர்வதால் அது புதுச் செல்களில் பங்கு போய் நீர்த்துவிடும்; குளிரில் வளர்ச்சி மெதுவாவதால் தேங்கும். தனியாகக் கடிகாரம் எதுவும் வேண்டாம், வளர்ச்சியே கடிகாரம். 2020இல் வந்த கண்டுபிடிப்பு இது. வின்3 வந்ததும், மரபணுக்களை அடக்கும் பாலிகோம்ப் என்ற புரதக் கூட்டமான பிஆர்சி2வோடு சேர்ந்து எஃப்எல்சியின் தொடக்கப் பகுதியில், ஏறக்குறைய மூன்று நியூக்ளியோசோம் (டிஎன்ஏ சுற்றிய ஹிஸ்டோன் உருண்டை) அகலத்தில், எச்3இன் 27ஆவது லைசினில் மூன்று மெத்திலைப் பதிக்கிறது. குளிர் போய் வெப்பம் வந்த பிறகு அந்தக் குறி மரபணு முழுக்கப் பரவி, செல் பிரியும்போதெல்லாம் இரண்டு பங்கிலும் மறுபடி எழுதப்பட்டு, செடி சாகும்வரை நிற்கும்.

இதில் அழகு எங்கே இருக்கிறது என்றால், அரைகுறைக் குளிர் கொடுத்தால் ஒவ்வொரு செல்லிலும் எஃப்எல்சி பாதியாகக் குறைவதில்லை. சில செல்களில் முழுதாக அணைந்திருக்கும், மற்றவற்றில் முழுதாக எரிந்துகொண்டிருக்கும். குளிர் கூடக் கூட அணைந்த செல்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது. டீனும் கணித உயிரியலாளர் மார்ட்டின் ஹோவர்டும் 2011இல் இதைக் கணித்துக் காட்டினார்கள். அதோடு விடாமல் 2015இல் ஒரே செல்லில் இருக்கும் எஃப்எல்சியின் இரண்டு பிரதிகளுக்கு இரண்டு நிறம் பூசிப் பார்த்தார்கள். ஒரு பிரதி அணைந்தும் அதே உட்கருவில் இன்னொரு பிரதி எரிந்தும் இருந்தது! செல்லில் மிதக்கும் ஏதோ ஒரு பொருள்தான் நினைவைச் சுமக்கிறது என்றால் இது நடக்க முடியாது, இரண்டுமே ஒன்றாக அணைந்திருக்க வேண்டும். நினைவு அந்தந்தப் பிரதியின் குரோமாட்டினிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

எஃப்சிஏ வழி அப்படி இல்லை. அது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு; பாலிகோம்ப் வழி மின்விளக்கின் சுவிட்ச். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்றால் உண்டு. எஃப்சிஏ பாதி மட்டும் கெட்ட ஒரு திரிபுச் செடியை வைத்து 2023இல் பார்த்தபோது, திருகு எஃப்எல்சியை நடுத்தர அளவுக்கு இறக்கி வைத்திருந்த செல்களில், குளிரே இல்லாமல், நாள் போகப் போக ஒவ்வொன்றாக சுவிட்ச் அணைவது தெரிந்தது. எஃப்சிஏ முழுதாகக் கெட்ட செடியில் எஃப்எல்சி உச்சத்தில் இருக்கும், சுவிட்ச் அணைவதில்லை. படியெடுத்தல் வலுவாக இருக்கும்வரை பாலிகோம்ப் கால் ஊன்ற முடியாது என்பது இதற்கு நல்ல விளக்கம். ஆர்என்ஏவை முடிக்கும் வேலை குரோமாட்டின் அடக்கத்துக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. முதல் கேள்விக்கான பதிலின் பாதி இங்கேதான் இருக்கிறது.

குளிரின்போதும் கூல்ஏர் ஏறுகிறது, அதனால்தான் அந்தப் பெயரே. ஆனால் குளிர் வழி அடக்கத்துக்கு அது அவசியமா என்பதில் ஆய்வகங்களுக்குள் சண்டை ஓயவில்லை. அவசியம் என்று காட்டும் சோதனைகளும், அது இல்லாமலேயே அடக்கம் நடக்கிறது என்று காட்டும் சோதனைகளும் இருக்கின்றன. கூல்ஏரை ஆதாரமாக வைத்துக் குளிர் நினைவை விளக்கும் வரைபடங்களைக் கொஞ்சம் எச்சரிக்கையாகவே பாருங்கள்.

பலர் இதைக் குட்டி ஆர்என்ஏ வழி அடக்கத்தோடும் குழப்பிக்கொள்கிறார்கள். தாவரத்தில் 24 எழுத்து நீளக் குட்டி ஆர்என்ஏக்கள் அர்கோநாட் புரதத்தில் ஏறிப்போய், பாலிமரேஸ்-5 உண்டாக்கும் ஆர்என்ஏவோடு பொருந்தி, அந்த இடத்தின் டிஎன்ஏவையே மெத்தில் ஏற்ற வைக்கும். தாவும் மரபணுக்களை அடக்க இதுதான் முக்கிய வழி. அதுவும் ஆர்என்ஏவோடு ஒட்டும் புரதம் வழியாகத்தான் குரோமாட்டினை அடைகிறது, அந்த அளவில் உறவுதான். ஆனால் எஃப்எல்சியில் மேலே சொன்ன திருகுக்கும் சுவிட்சுக்கும் டிஎன்ஏ மெத்தில் மையமாக இல்லை. எல்லாம் ஹிஸ்டோன் மேல்தான்.

எஃப்எல்சி மட்டும்தானா, வேறெங்கும் இல்லையா என்று அடுத்து கேட்பீர்கள். எஃப்பிஏவை எடுத்துக்கொள்ளுங்கள். நோயை உணரும் என்எல்ஆர் மரபணுக்கள் பலவற்றின் ஆர்என்ஏவை அது பாதியிலேயே முடித்துவிடுகிறது என்று 2021இல் காட்டினார்கள். எஃப்பிஏவை அளவுக்கு மேல் ஏற்றிய செடியில் ஆர்பிபி7 என்ற எதிர்ப்பு மரபணுவின் முழு நீள ஆர்என்ஏ குறைந்து, அடிச்சாம்பல் நோய்க் கிருமியின் ஒரு வகையைச் செடியால் தடுக்க முடியாமல் போனது. நோய் எதிர்ப்பு மரபணு சும்மா எரிந்துகொண்டிருந்தால் செடிக்கு வளர்ச்சி கெடும், அதனால் இதை அடக்கி வைக்கவும் ஒருவர் தேவைதான்.

இதே உறவு தலைகீழாகவும் ஓடும். ஐபிஎம்1 என்ற மரபணுவின் நீண்ட இன்ட்ரானுக்குள் மெத்தில் ஏறிய, இறுகிய குரோமாட்டின் துண்டு ஒன்று இருக்கிறது. ஏஎஸ்ஐ1, ஏஐபிபி1, ஈடிஎம்2 என்ற மூன்று பேர் கூட்டணி அந்த இறுக்கத்தை அடையாளம் கண்டு, "இங்கே முடிக்காதே, தாண்டிப் போ" என்று பாலிமரேஸை முழு நீளம் ஓட வைக்கிறது. இதிலும் ஆர்என்ஏவைப் பிடிக்கும் பகுதி கொண்ட புரதம் இருக்கிறது. கூட்டணி கெட்டால் ஆர்என்ஏ அந்த இன்ட்ரானிலேயே முடிந்து குட்டையாகிவிடும், ஐபிஎம்1 புரதம் வேலை செய்யாது. ஐபிஎம்1இன் வேலையோ, சாதாரண மரபணுக்களின் மேல் அடக்கும் குறி ஏறாமல் துடைத்துவைப்பது. எஃப்எல்சியில் ஆர்என்ஏவின் முடிவு குரோமாட்டினை முடிவு செய்தது, இங்கே குரோமாட்டின் ஆர்என்ஏவின் முடிவை முடிவு செய்கிறது.

ஒரு எச்சரிக்கை: இதையெல்லாம் அப்படியே கோதுமைக்குத் தூக்கிப்போய்ப் பொருத்தாதீர்கள். குளிர்காலக் கோதுமையும் குளிர் வேண்டித்தான் நிற்கிறது, ஆனால் அங்கே மேடையில் இருப்பவர்கள் வேறு; விஆர்என்1, விஆர்என்2 என்று அழைக்கப்படும் அந்த மரபணுக்கள் அராபிடாப்சிஸில் அதே பெயரில் இருப்பவை அல்ல, பெயர் ஒற்றுமை மட்டும்தான். முட்டைக்கோஸுக்குப் பொருந்தும், அது கடுகுக் குடும்பம், அதனிடம் எஃப்எல்சி பல பிரதிகளாகவே இருக்கிறது. நம் சமவெளியில் முட்டைக்கோஸ் உருண்டு திரளுமே தவிர பூத்து விதை பிடிக்காமல் போவதற்கும், அதன் விதையை இமாச்சலின் குலு பள்ளத்தாக்கு மாதிரி குளிர்ந்த இடங்களில் உண்டாக்குவதற்கும் காரணம் இந்தக் குளிர்ப் பசிதான்.

கடைசிக் கேள்வி, விதைக்குப் போகுமா? போகாது. கரு உருவாகும்போது எஃப்எல்சியின் அடக்கக் குறிகள் துடைக்கப்பட்டு மரபணு மறுபடி எரிய ஆரம்பிக்கும். எல்ஈசி1 என்ற புரதம் கருவில் அதைத் திரும்ப இயக்குகிறது, ஈஎல்எஃப்6 என்ற நொதி 27ஆவது லைசினின் மெத்திலை நீக்குகிறது. போன வருடக் குளிரை நம்பி இந்த வருடம் இலையுதிர்காலத்தில் முளைத்த செடி பூத்துவைத்தால் பனியில் எல்லாம் போச்சு, அதனால் ஒவ்வொரு தலைமுறையும் தன் குளிரைத் தானே பார்த்தாக வேண்டும். சோவியத் ரஷ்யாவில் லைசென்கோ, குளிரூட்டிய கோதுமையின் குணம் சந்ததிக்கும் இறங்கும் என்று அடித்துப் பேசி, மறுத்த மரபியலாளர்களின் வாழ்க்கையையே கெடுத்தார். வேடிக்கை என்னவென்றால், 2014இல் ஈஎல்எஃப்6 பாதி பழுதான ஒரு திரிபுச் செடியில், பெற்றோர் பட்ட குளிரின் அடக்கம் துடைபடாமல் கொஞ்சம் அடுத்த தலைமுறைக்குக் கசிவதைப் பார்த்தார்கள். அது நடக்க ஒரு நொதி கெட வேண்டியிருந்தது.